பூஜ்யம் பைட்

வட்டு தொண்ணூற்றெட்டு விழுக்காடு நிரம்பிவிட்டதென்று
மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்த அன்று
ஹீயுமா தீவுக்குப் படகு ஓடவில்லை. காற்று.
புது வட்டு அக்கரைத் துறையில்
யாரோ ஒரு தபால்காரரின் வண்டிக்குள்.
"இருப்பதில் இடம் பண்ணு, ஊர்வே" என்றார் கால்யூ,
தொலைபேசியில், வாய் நிறைய ரொட்டியோடு.

பதினொரு வசந்தங்களின் ஒலி அதில்.
காயினா வளைகுடாவின் நாணலுக்குள் நட்ட
நான்கு பெட்டிகள் இரவெல்லாம் கேட்டவை:
காலி ஜாடியில் ஊதினாற்போல் கூவும் குருகு,
வடக்கே போகும் அன்னங்கள்,
சில இரவுகளில் வெறும் மழை.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்குமாம்.
இங்கே இரண்டு கிண்ணத்திலும் பால்.

பெயரை நம்பக் கூடாது.
'குருகு நல்லது', 'குருகு நல்லது இரண்டு',
'பழைய கணினியிலிருந்து',
'கால்யூவுடையது தொடாதே':
நான்கும் ஒரே விடியற்காலை.
கால்யூ கதவைப் பூட்டிவிட்டு
மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆள்.

அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள்.
முதலில் அளவு; அளவே வேறென்றால் ஆள் வேறு.
அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் கைரேகை,
முப்பத்திரண்டு எழுத்து.
ஆறு மணி நேரத்தில் ஒரு துளி மாறியிருந்தாலும்
ரேகை முழுதும் வேறாகும்.
பிறகு ஒரு செங்குத்துக் கோடு,
குழாய் என்று பெயர், அதன் மறுமுனையில் சார்ட்.
கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல்
சொந்தங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

ஆர்எம் கேள்வி கேட்காது.
அதற்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது.
ஆகவே அதற்கு முன்னால் எக்கோ என்று எழுதினாள்:
வெட்டுவதாக இருந்தால் எதை வெட்டுவாய்,
வாயால் சொல்லு பார்ப்போம்.

சொல்லிற்று. பக்கம் பக்கமாகச் சொல்லிற்று.
காபி ஆறிற்று.
கடைசியில் ஒரு பெருங்குடும்பம்:
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள், ஒரே ரேகை.
டி, நாலு, ஒன்று, டி, எட்டு என்று தொடங்குவது.
எந்த நாட்டில் எந்த வட்டில் கிடந்தாலும்
வெறுங்கோப்புக்கு இதே ரேகைதான்.

இருநூற்றுப் பதினொன்றை நீக்கலாம்.
மிச்சமாகும் இடம்: பூஜ்யம்.

பெயர்களைப் படித்தாள்.
மார்ச் பதினான்கு, இரவு இரண்டு பத்து, பெட்டி மூன்று.
குளிரில் பேட்டரி செத்த இரவு.
ஏப்ரல் இரண்டு முதல் ஏழு வரை, பெட்டி இரண்டு.
நீர்நாய் கம்பியைக் கடித்த வாரம்;
ஏழாம் நாள் கால்யூ உடைகிற பனிமேல் நடந்து போய்
இடுப்பளவு உள்ளே போனார்.
ஊருக்குத் தெரிந்த கதை. அவர் மட்டும் முழங்கால் என்பார்.

குருகு கூவாத இரவு வேறு,
நாம் கேட்காத இரவு வேறு.
கூவாத இரவுக்கு முந்நூறு எம்பி எடை உண்டு:
காற்று, நாணல், தூரத்தில் ஒரு டிராக்டர்.
கேட்காத இரவுக்குப் பெயர் மட்டும்தான் உடம்பு.
பெயரை எடுத்துவிட்டால்
பத்து வருஷம் கழித்துக் கணக்குப் போடுகிற எவளோ
அன்றைக்குப் பறவையே வரவில்லை
என்று எழுதிவைப்பாள்.

கட்டளையின் நடுவே ஒரு நிபந்தனை செருகினாள்:
அளவு பூஜ்யத்துக்கு மேல்.
எக்கோவை அழித்தாள்.
ஒருமுறை மூச்சு விட்டு, என்டர்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.
அது ஒன்றும் சொல்லாவிட்டால் காரியம் முடிந்ததென்று அர்த்தம்.
அறுபத்தொன்று விழுக்காடு.

சாயங்காலம் கால்யூ கூப்பிட்டார்.
"எதையாவது அழித்தாயா?"
"உங்கள் இரண்டாவதுகளை. மூன்றாவதுகளையும்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"பரவாயில்லை" என்றார்,
"வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இருக்கிறது.
படகு ஓடட்டும், புது வட்டு வரட்டும்,
கொண்டுவந்து அதில் போட்டுவைக்கிறேன்."